ஊருக்குப் பறக்கையில் எந்த சன்னல்?

பொங்கலுக்குச் சென்னைக்கோ திருச்சிக்கோ புறப்படும் கேமரன் மலைத் தோட்டத்து அன்பர்களே! டிக்கெட் வாங்கினால் மட்டும் போதுமா? சன்னலையும் பார்த்து வாங்குங்கள்.

வரிசைக்கு ஆறு பேர் உட்காரும் விமானத்தில் ‘ஏ’ இருக்கை இடப்பக்கச் சன்னல். ‘எஃப்’ வலப்பக்கச் சன்னல். நடு வரிசைகள் வேண்டாம்; இறக்கை கீழே உள்ளதை மறைத்துவிடும். இறக்கைக்குச் சற்றுப் பின்னே என்றால் எஞ்சின் அனலில் காட்சி கலங்கும். முன்வரிசைகளே மேல்.

தை மாதத்தில் சூரியன் தெற்கே சாய்ந்திருக்கும். கோலாலம்பூரிலிருந்து விமானம் வடமேற்காகப் பறப்பதால், பிற்பகலில் இடப்பக்கம் கண் கூசும். ஆகவே பகல் பயணத்தில் போகும்போது வலப்பக்கம், திரும்பும்போது இடப்பக்கம். இருக்கையைத் தேர்ந்தெடுக்கத் தனிக் கட்டணம் கேட்பதுண்டு, முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள்.

கீழே தெரிவது வெறும் நீலமல்ல. 1973 வரை ஓடிய ‘ரஜூலா’ போன்ற கப்பல்களில் நம்மவர்கள் பல நாள் தத்தளித்துக் கடந்த கடல் அது. இன்று ஏறக்குறைய நான்கு மணி நேரத்தில் தாண்டிவிடுகிறோம்.

பிள்ளைகள் சன்னலுக்குச் சண்டை போடுவார்கள். ஆனால் வீட்டில் கப்பலில் வந்த தாத்தாவோ பாட்டியோ இருந்தால், அந்த இருக்கை அவர்களுக்கே. தாங்கள் கடந்து வந்த கடலை அவர்கள் ஒருமுறை மேலிருந்து பார்க்கட்டுமே!