அடுப்புப் பரணும் தேயிலை உலையும்

கேகாலையில் எட்டியாந்தோட்டை, தெஹியோவிட்ட. இரத்தினபுரியில் இறக்குவானை, காவத்தை. சப்பிரகமுவ மாகாணத்தின் இந்தப் பக்கத்து லயங்களில், அதாவது தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளில், அடுப்புக்கு நேர் மேலே விறகுப் பரண் கட்டியிருப்பார்கள். இன்று மலையிலிருந்து சுமந்து வந்த ரப்பர் கிளையும் கவ்வாத்தில் வெட்டிய தேயிலைக் குச்சியான மிலாறும் பரணில் ஏறும். போன கிழமை ஏறியது அடுப்புக்கு இறங்கும். இன்று சோறு வெந்த அடுப்பின் மிச்சச் சூட்டில் அடுத்த கிழமைக்கான விறகு காய்கிறது. ஒரு தோட்டத்தின், ஏன், ஒரு நாட்டின் விறகுக் கணக்கு எப்படி இயங்குகிறது என்பதை இந்தப் பரணை வைத்தே விளங்கிக்கொள்ளலாம்.

முதலில் விறகுக்குள் நடப்பதைப் பார்ப்போம். அப்போதுதான் வெட்டிய மரத்தின் எடையில் பாதியளவு தண்ணீர்தான். ஒரு கிலோ பச்சை விறகை அடுப்பில் வைத்தால் அரை லீற்றர் தண்ணீரையும் சேர்த்தே வைக்கிறோம். உலைநீர் சீக்கிரம் கொதித்துவிடும். ஆனால் அது முழுக்க வற்ற எவ்வளவு நேரம் பிடிக்கும் என்பது சமைப்பவர்களுக்குத் தெரியும். தண்ணீரைக் கொதிக்க வைக்கும் சூட்டைப்போல ஏறக்குறைய ஏழு மடங்கு சூடு, அதை முழுதாக ஆவியாக்கத் தேவை. அப்படியானால் அந்த அரை லீற்றரை விரட்டச் செலவாகும் சூட்டில் நாலு லீற்றர் தண்ணீரைக் கொதிக்க வைத்திருக்கலாம்.

நட்டம் அதோடு நிற்பதில்லை. நாம் பார்க்கும் சுவாலையில் எரிவது மரம் அல்ல, மரம் சூடேறும்போது விடும் வாயு. அந்த வாயு தாராளமாக வெளிவர விறகு 200 பாகை செல்சியசைத் தாண்டிச் சூடேற வேண்டும். உள்ளே தண்ணீர் இருக்கும்வரை அந்தப் பகுதி 100 பாகையை விட்டு நகராது. அரைகுறைச் சூட்டில் வந்த வாயு பற்றிக்கொள்ளாமல் புகையாகப் போகிறது. கண்ணைக் கரிக்கும் அந்தப் புகை எரியாமல் போன விறகுதான். பெண்ணொருத்தி தலைச்சுமையாகக் கொண்டுவந்த கட்டின் ஒரு பங்கு கூரை வழியாகப் போகிறது, இன்னொரு பங்கு அவள் நெஞ்சுக்குள் போகிறது. வீட்டுக்குள் சூழும் அடுப்புப் புகையால் 2020இல் உலகில் 32 இலட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டது. ஆகவே விறகு காய்ந்திருப்பது சிக்கனத்துக்கு மேலே உயிர் சம்பந்தப்பட்ட விஷயம்.

மழை குறைந்த ஊரில் வெயில் இந்த வேலையைச் செய்துவிடும். இரத்தினபுரியில் வருடத்துக்கு 3,500 மில்லிமீற்றருக்கு மேல் மழை. முற்றத்தில் அடுக்கிய விறகு காய்வதைவிட ஊறுவதே அதிகம். அதனால்தான் சப்பிரகமுவ லயத்துக்குப் பரண் இவ்வளவு முக்கியம்.

இப்போது லயத்திலிருந்து ஸ்டோருக்கு, அதாவது தேயிலைத் தொழிற்சாலைக்குப் போவோம். அதுவும் ஒரு சமையல்கட்டுதான், அளவுதான் வேறு. ஒரு கிலோ தேயிலைத் தூளுக்கு நாலரைக் கிலோ அளவு கொழுந்து வேண்டும். வித்தியாசம் அவ்வளவும் தண்ணீர். வாட்டும்போது ஒரு பகுதி போகும். மிச்சத்தை உலர்த்தியின் சூடான காற்று எடுத்து, தூளில் 3 சதவீதமளவு ஈரத்தை மட்டும் விட்டுவைக்கும். அந்தக் காற்றைச் சூடாக்கும் உலைகள் பெரும்பாலும் விறகில்தான் ஓடுகின்றன. கொழுந்தின் ஈரத்தை இறக்க எரிக்கும் விறகே ஈரமாக இருந்தால், ஒரே உலையில் இரண்டு தண்ணீரைக் காய்ச்ச வேண்டும். லயத்துப் பரணுக்கு நிகராகத் தொழிற்சாலைக்கு வேண்டியது காற்றோட்டமுள்ள, கூரை போட்ட விறகுக் கொட்டில், பிளந்து அடுக்கிய விறகு, பழையது முதலில் உலைக்குப் போகும் ஒழுங்கு. புகைபோக்கி வழியே வீணாகும் சூட்டைக் கொட்டிலுக்குத் திருப்பினால் பரண் செய்யும் அதே வேலை நடக்கும். தகரமும் தூணும் கொஞ்சம் இடமும் போதும். இவ்வளவு மலிவான மரப் பாதுகாப்பு வேறில்லை என்பது என் கருத்து.

விறகு வருவதும் அளவோடுதான். ரப்பர் மரம் ஏறக்குறைய 30 வருடத்தில் மறுநடுகைக்கு வெட்டப்படும். அடுத்தது அந்த இடத்தில் வளர மறுபடி அத்தனை காலம். கிளிரிசிடியா மரம் அப்படியல்ல, வெட்ட வெட்டத் துளிர்க்கும். இலை தேயிலைக்குப் பசளை, தடி உலைக்கு விறகு. தேயிலை, ரப்பர், தென்னைக்கு அடுத்த நான்காவது தோட்டப் பயிராக இலங்கை அரசு அதை அறிவித்திருக்கிறது.

விறகின் தேவை தோட்டத்தோடு நிற்பதில்லை. 12.5 கிலோ சமையல் எரிவாயு சிலிண்டர் 2021 ஒக்டோபருக்கு முன் கொழும்பில் 1,493 ரூபா. 2022 ஏப்ரலில் அது 4,860 ரூபாவானது. அந்த விலைக்கும் வரிசையில் நின்றும் கிடைக்கவில்லை. விறகை மறந்திருந்த நகரத்து வீடுகளும் அடுப்பு மூட்டின. 2012 குடிசன மதிப்பீட்டின்படியே இலங்கைக் குடும்பங்களில் நான்கில் மூன்றுக்கு மேல் விறகில்தான் சமைத்தன. நிலைபேறான வலுவுக்கென்று 2007ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டத்தால் ஓர் அதிகாரசபையே அமைந்திருக்கிறது. இருந்தும் சூரிய மின்சாரத்தைப் பற்றிப் பேசும் அளவுக்கு, நாடு உண்மையில் எரிக்கும் விறகைப் பற்றி நாம் பேசுவதில்லை. 1980களில் இலங்கையில் உருவான இரு பானை ‘அனகி’ மண் அடுப்பு நல்ல தொடக்கம். மூன்று கல் அடுப்பைவிட அதில் விறகு கணிசமாக மிஞ்சும். ஆனால் எந்த நல்ல அடுப்பிலும் ஈர விறகு புகையத்தான் செய்யும்.

பரணிலும் குறை உண்டு. தீப்பொறி ஏறும் ஆபத்து இருக்கிறது, அடுப்பின் சூட்டோடு புகையும் வீட்டுக்குள்ளேயே நிற்கிறது. எனவே தோட்டங்களில் புது வீடு கட்டுவோரிடம் ஒரு வேண்டுகோள். வரைபடத்தில் சமையலறை போடும்போது புகைபோக்கியையும், வெளியே இரண்டு மாத விறகு நனையாமல் நிற்க ஒரு கொட்டிலையும் சேர்த்தே போடுங்கள். அதை எங்கே, எந்த உயரத்தில் வைப்பது என்று அந்த வீட்டில் சமைக்கப்போகும் அம்மாவிடம் முதலில் கேளுங்கள்.