சோடி பிரியாப் பற்சில்லுகள்

வட்டுக்கோட்டைக்குத் தெற்கே, அராலிக் கடல்நீரேரிக் கரைச் சேற்றில், மாரிகாலத்தில் நமக்குக் கைகொடுப்பது நான்கு சில்லும் இழுக்கும் வாகனமே. பழைய லாண்ட் றோவரின் முன்னச்சு, பின்னச்சு இரண்டிலும் டிபரன்சியல் உண்டு. அதனுள் இருக்கும் பெரிய பற்சில்லும் பினியனும் ஒரு சோடி. ஒன்று தேய்ந்தால் இரண்டையும் மாற்றவேண்டும். அவற்றின் விகிதம் 4.7, அதாவது தண்டு 4.7 முறை சுழன்றால் சில்லு ஒருமுறை சுழலும். 1970இல் வெளிவந்த றேஞ்ச் றோவருக்கோ 3.54.

பிந்தியதைப் பின்னச்சில் மாத்திரம் பொருத்தினால், பின்சில்லு மாத்திரம் இழுக்கும் தார்வீதியில் தீங்கு தெரியாது. சேற்றிலே முன்சில்லுகளையும் இணைத்ததும் இரண்டு அச்சுகளும் இழுபறிப்பட்டுத் தண்டோ பல்லோ முறியும்.

1990களின் பொருளாதாரத் தடைக்குள், கிடைத்ததைக் கொண்டு வண்டியோட்டிய கைத்திறன் யாழ்ப்பாணத்துக்குரியது. அதைப் போற்றுவோம், ஆயினும் பொருத்துமுன் பற்களை எண்ணுவோம். பெரியதன் பற்களைச் சிறியதன் பற்களால் வகுத்தால் விகிதம் வரும். இரண்டு அச்சுக்கும் அது ஒன்றாயிருத்தல் வேண்டும்.