மின்கிற்றாரின் உட்சுற்று: வாத்தியக்காரரும் தொழிற்சாலையும்

ஓர் இசைக்கருவியின் குரலை நிர்ணயிப்பவர் யார்? வீணையையோ நாதஸ்வரத்தையோ பொறுத்தவரை இவ்வினாவுக்கு விடை கூறுவது கடினமன்று. மரத்தைத் தேர்ந்து கடையும் கைவினைஞனும் அதனைப் பயின்று வாசிக்கும் கலைஞனும் ஒருவரையொருவர் அறிந்தவராய் அக்குரலை உருவாக்கி வந்தனர். தொழிற்சாலையில் ஆயிரக்கணக்கில் ஒரே அச்சாக உற்பத்தி செய்யப்படும் கருவியைப் பொறுத்தவரை இவ்வுறவு அறுந்துவிடுகின்றது. செய்பவர் வாசிப்பவரை அறியார்; வாசிப்பவரும் தமது தேவையைச் செய்பவரிடம் எடுத்துரைக்க வழியற்றவராகின்றார். இருபதாம் நூற்றாண்டில் எழுந்த மின்கிற்றார் இத்தகைய கருவிகளுள் ஒன்றாகும். எனினும், அதனை வாங்கியோர் அதனை முற்றுப்பெற்ற பண்டமாக ஏற்றுக்கொள்ளவில்லை. மூடியைக் கழற்றி, இணைப்புகளை மாற்றிப் பற்றாசு வைத்து, தாம் வேண்டிய குரலை அதற்கு அளித்தனர். அம்மாற்றங்கள் எவ்வாறு இயல்கின்றன என்பதையும், அவை தொழிற்சாலையோடு கொண்ட உறவு யாது என்பதையும் விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. அதிர்வு மின்னாகும் விதம்

மின்கிற்றாரின் அடிப்படை, மைக்கல் பரடே 1831இல் கண்டறிந்த மின்காந்தத் தூண்டலாகும். நிலைக்காந்தங்களைச் சுற்றி மிக மெல்லிய செப்புக்கம்பி பல ஆயிரம் சுற்றுகளாகச் சுற்றப்பட்டிருக்கும். வாத்தியக்காரர் ‘பிக்கப்’ என வழங்கும் உறுப்பு இதுவே. அதன் மேலாகச் செல்லும் உருக்குத் தந்தி அதிரும்போது சுருளினூடான காந்தப் பாயம் மாறுபடுகின்றது. அம்மாறுதலுக்கேற்ப ஒரு சிறு மின்னழுத்தம் சுருளில் தோன்றுகின்றது. ஜோர்ஜ் பீச்சம் இத்தத்துவத்தின்வழி அமைத்த கிற்றார் 1932இல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது. அதற்கான காப்புரிமை 1937இல் வழங்கப்பட்டது.

ஒற்றைச் சுருள் பிக்கப்புக்கு ஒரு குறையுண்டு. தந்தியின் அதிர்வை மட்டுமன்றி, சுற்றிலுமுள்ள மின்கம்பிகளினதும் நிலைமாற்றிகளினதும் காந்தப்புலத்தையும் அது ஏற்கின்றது. அமெரிக்காவில் செக்கனுக்கு 60 சுற்றும், இங்கிலாந்திலும் இலங்கையிலும் 50 சுற்றும் கொண்ட ஆடலோட்டம் ஓயாத இரைச்சலாகக் கேட்பது இதனாலேயே. கிப்சன் நிறுவனத்தில் பணியாற்றிய செத் லவர் 1955இல் காப்புரிமை கோரிய இரட்டைச் சுருள் பிக்கப் இக்குறையைப் பெரிதும் நீக்கியது. அதில் இரு சுருள்களின் மின்திசையும் எதிரெதிரானது. காந்த முனைவுகளும் எதிரெதிரானவை. வெளியிலிருந்து வரும் இரைச்சல் இரண்டிலும் எதிர்க்குறியோடு தோன்றி அழிந்துபோகின்றது. தந்தியின் சைகையோ, காந்தத்தால் ஒருமுறையும் சுருளால் ஒருமுறையுமாக இருமுறை புரட்டப்படுவதால், ஒன்றோடொன்று கூடி வலுப்பெறுகின்றது.

2. கட்டுப்பாட்டு உறுப்புகள்

பிக்கப்பில் எழும் சைகை விரியலாக்கியை அடையுமுன் தெரிவு ஆளி, ஒலியளவை ஆளும் மாறுந்தடை, தொனியை ஆளும் மாறுந்தடையும் கொள்ளளவியும் ஆகியவற்றைச் சந்திக்கின்றது. இவை பெரும்பாலும் அக்கால வானொலிப் பெட்டிகளில் வழங்கிய உறுப்புகளே. லியோ பென்டர் கிற்றார் உற்பத்தியில் இறங்குமுன் கலிபோர்னியாவில் வானொலி திருத்தும் கடை நடத்தியவர் என்பதும், அவருக்குக் கிற்றார் வாசிக்கத் தெரியாது என்பதும் இங்கு மனங்கொள்ளத்தக்கன. வானொலி திருத்துபவரின் மேசைக்குரிய சுற்று ஆதலால், பற்றாசு வைக்கத் தெரிந்த எவரும் அதனை அவிழ்த்து மீளக் கட்டலாம். விரியலாக்கியோடு இணைக்கப்படாத கிற்றாரின் சுற்றைத் திறப்பதில், வெற்றிடக் குழாய் விரியலாக்கியைத் திறப்பதில் உள்ள உயிராபத்தும் இல்லை.

இச்சுற்றின் இயல்பைச் சிறு கணக்கொன்றால் விளக்கலாம். பிக்கப்பின் தூண்டற்றிறனும், சுருளினதும் இணைப்பு வடத்தினதும் கொள்ளளவமும் சேர்ந்து ஒரு பரிவுச் சுற்றாகின்றன. தூண்டற்றிறன் 2.2 ஹென்றி எனவும், 5 மீற்றர் வடம் உட்பட மொத்தக் கொள்ளளவம் 600 பிக்கோபரட்டு எனவும் கொண்டால், பரிவு மீடிறன் ஏறத்தாழ 4,400 ஹேட்ஸ் ஆகும். மனிதச் செவி மிகக் கூர்மையாக உணரும் பகுதியிலேயே இச்சிகரம் அமைகின்றது. தொனிக் குமிழை முற்றாகத் திருகி 0.022 மைக்கிரோபரட்டுக் கொள்ளளவியை இணைத்தால் பரிவு ஏறத்தாழ 700 ஹேட்ஸுக்கு இறங்குகின்றது. 1950களிற் பென்டர் பயன்படுத்திய 0.1 மைக்கிரோபரட்டுக் கொள்ளளவியாயின் அது 340 ஹேட்ஸ் அளவில் நிற்கும். தொனிக் குமிழ் உயர்தொனிகளை வெட்டிவிடுகின்றது என்று மட்டும் கூறுவது இதனால் நிறைவான விளக்கமாகாது; அது சிகரத்தையே கீழே நகர்த்துகின்றது. சில ரூபாய் பெறும் ஒரு கொள்ளளவியை மாற்றுவதால் கருவியின் குணம் மாறுவதன் இரகசியம் இதுவே.

மாறுந்தடையின் பெறுமானமும் பொருட்படுத்தத்தக்கது. பென்டரின் ஒற்றைச் சுருள் கருவிகள் பொதுவாக 250 கிலோஓமும், கிப்சனின் இரட்டைச் சுருள் கருவிகள் 500 கிலோஓமும் கொண்டவை. தடை குறையுந்தோறும் பரிவுச் சிகரம் தணிந்து ஒலி மென்மையாகும். தடை கூடுந்தோறும் ஒலி கூர்மை பெறும். ஒலியளவைக் குறைக்கும்போது தொனி மங்குவதும் பலர் அறிந்த குறை. மாறுந்தடையின் ஒரு பகுதி சைகைக்கும் வடத்தின் கொள்ளளவத்துக்கும் இடையே வந்து நின்று உயர்தொனிகளைத் தடுப்பதே அதன் காரணம். அம்மாறுந்தடையின் உள்வரு முனைக்கும் வெளிச்செல் முனைக்குமிடையே 0.001 மைக்கிரோபரட்டு அளவான கொள்ளளவியொன்றை இணைத்து, உயர்தொனிகளுக்குத் தனிவழி விடுவது வாத்தியக்காரர் பரவலாகக் கையாளும் பரிகாரமாகும்.

3. தொடர், சமாந்தரம், அவத்தை

ஒன்றுக்கு மேற்பட்ட பிக்கப்புகளை இணைக்கையில் இரு வினாக்கள் எழுகின்றன: அவை தொடராகவா சமாந்தரமாகவா இணைகின்றன? அவற்றின் அவத்தை ஒத்ததா எதிரானதா?

6 கிலோஓம் தடையுடைய இரு சுருள்களைத் தொடராக இணைத்தால் மொத்தத் தடை 12 கிலோஓம். சமாந்தரமாக இணைத்தால் 3 கிலோஓம். தூண்டற்றிறனும் ஏறத்தாழ அவ்வாறே கூடவும் குறையவும் செய்கின்றது. ஆகவே தொடரிணைப்பின் ஒலி உரத்தும் கனத்தும் இருக்கும். சமாந்தர இணைப்பின் ஒலி தெளிவும் ஒளியும் பெறும். ஒரு சுருளின் இரு முனைகளையும் இடமாற்றினால் அவத்தை எதிராகும். தந்தியின் தாழ்தொனிகள் இரு பிக்கப்புகளின் மேலும் ஏறத்தாழ ஒரே திசையில் அசைவன. எனவே அவை ஒன்றையொன்று பெரிதும் அழித்துவிடுகின்றன. உயர் இசைச்சுரங்கள் இடத்துக்கிடம் வேறுபட்டு அசைவன ஆதலால் எஞ்சி நிற்கின்றன. மூக்கால் ஒலிப்பது போன்ற மெலிந்த குரல் இவ்வாறே பிறக்கின்றது.

4. ஆளியின் இடைநிலை

1954இல் வெளிவந்த பென்டரின் ஸ்ட்ராற்றோகாஸ்ரர் மூன்று பிக்கப்புகளையும் மூன்று நிலைகளுடைய ஓர் ஆளியையும் கொண்டது. ஒரு நேரத்தில் ஒரு பிக்கப் என்பதே வடிவமைத்தோரின் எண்ணம். ஆயின், ஆளியின் நாக்கு ஒரு நிலையிலிருந்து மறுநிலைக்கு நகரும்போது கணநேரம் இரு தொடுகைகளையும் ஒருங்கே தொட்டது. அக்கணத்தில் அயலிலுள்ள இரு பிக்கப்புகளும் சமாந்தரமாக இணைந்து, தனித்தனியே இரண்டும் தராத ஒரு குரலை எழுப்பின. வாத்தியக்காரர் இதனைச் செவியாற் கண்டறிந்தனர். ஆளியை இரு நிலைகளுக்கிடையே நுட்பமாக நிறுத்தப் பழகினர். சிலர் தீக்குச்சி போன்ற சிறு துண்டுகளைச் செருகி அதனை அங்கு நிலைக்கச் செய்தனர்.

அவர்கள் அதனை ‘எதிர் அவத்தை’ ஒலி எனப் பெயரிட்டு வழங்கினர். மின்னியல் நோக்கில் இப்பெயர் பொருந்தாது. அங்கு இரு பிக்கப்புகளும் ஒத்த அவத்தையிலேயே உள்ளன. ஆயினும் செவி கண்ட உண்மை பெயரின் பிழையாற் பொய்யாகிவிடவில்லை. 1977இல் பென்டர் நிறுவனம் ஐந்து நிலைகளுடைய ஆளியைத் தனது கருவியிற் பொருத்தியது. வாசித்தோர் கண்டறிந்ததைச் செய்தோர் ஏற்றுக்கொள்ள 23 ஆண்டுகள் சென்றன.

5. வாசிப்பவரே செய்பவராதல்

பிறையன் மேயின் கருவி இதற்கு ஒரு படி மேலானது. பின்னாளிற் குயீன் இசைக்குழுவாற் புகழ்பெற்ற அவர், 1963இல் இங்கிலாந்திற் பள்ளி மாணவராக இருந்தார். பெயர்பெற்ற நிறுவனங்களின் கிற்றாரை வாங்க வசதியின்மையால், மின்னணுவியல் அறிந்த தம் தந்தையாருடன் சேர்ந்து வீட்டிலேயே ஒன்றைச் செய்யலானார். பழைய கணப்படுப்பொன்றின் மரச்சட்டம் கழுத்தாகியது. மோட்டார்ச் சைக்கிளொன்றின் வால்வுச் சுருள்வில்லுகள் தந்திகளை அசைக்கும் பொறியில் இடம்பெற்றன. தாமே செய்த பிக்கப்புகள் திருப்தி தராமையாற் பேர்ன்ஸ் நிறுவனத்தின் மூன்று பிக்கப்புகளை வாங்கிப் பொருத்தினார்.

எமது பொருளுக்கு முக்கியமானது அதன் சுற்றே. மூன்று பிக்கப்புகளும் தொடராக இணைக்கப்பட்டுள்ளன. ஒவ்வொன்றுக்கும் இரு ஆளிகள்: ஒன்று அதனைச் சுற்றிற் சேர்க்கவும் நீக்கவும், மற்றையது அதன் அவத்தையைப் புரட்டவும். இவ்வாறு ஆறு ஆளிகள். தனி பிக்கப்பால் 3 குரல்கள்; இரண்டிரண்டாகச் சேர்க்கையில் ஒத்த அவத்தையிலும் எதிர் அவத்தையிலுமாக 6; மூன்றையும் சேர்க்கையில் 4; ஆக 13 வேறுபட்ட குரல்கள் கிடைக்கின்றன. அக்காலத் தொழிற்சாலைக் கருவி மூன்றே நிலைகளைத் தந்துகொண்டிருந்தபோது, இச்சுற்றினை அமைத்தவர் ஒரு பள்ளி மாணவர் என்பது குறிப்பிடத்தக்கது.

6. மாற்றம் பண்டமாதல்

1965இல் பென்டர் நிறுவனம் சீ.பி.எஸ். எனும் பெருநிறுவனத்துக்குக் கைமாறியது. அதன்பின் வெளிவந்த கருவிகளின் தரம் தாழ்ந்ததென்ற அதிருப்தி வாத்தியக்காரரிடையே பரவியது. 1970களில் மாற்றுப் பிக்கப்புகளைத் தனியே செய்து விற்கும் டிமார்சியோ, சீமோர் டன்கன் போன்ற நிறுவனங்கள் தோன்றின. கைப்பழக்கமாக இருந்த மாற்றம் இவ்வாறு ஒரு தொழிலாயிற்று.

எடி வான் ஹேலன் 50 டொலருக்கு உடலும் 80 டொலருக்குக் கழுத்தும் வாங்கிக் கிற்றாரொன்றைத் தாமே ஒன்றிணைத்தார். ஸ்ட்ராற்றோகாஸ்ரர் வடிவ உடலைக் குடைந்து, கிப்சன் கருவியொன்றின் இரட்டைச் சுருள் பிக்கப்பை அதிற் பொருத்தினார். தொனிக் கட்டுப்பாடு எதுவுமின்றி ஒலியளவுக் குமிழ் ஒன்றே எஞ்சியது. அக்குமிழின் மேல் ‘தொனி’ என எழுதப்பட்டிருந்தமை வேடிக்கையானது. 1978இல் அவரது குழுவின் முதல் இசைத்தட்டு வெளிவந்தபின் அக்குரல் உலகெங்கும் பின்பற்றப்பட்டது. பென்டர் நிறுவனம் 1987இல் தனிக்கட்டளைப் பட்டறையொன்றை நிறுவியது. 2007இல் வான் ஹேலனின் கருவியை, அதன் கீறல்களும் எரிந்த தழும்புகளும் உட்பட நகல் செய்து, 300 பிரதிகளை ஒவ்வொன்றும் 25,000 டொலர் விலையில் வெளியிட்டது. பணமின்மையினாற் பிறந்த கருவியொன்று செல்வரின் சேகரிப்புப் பண்டமான கதை இது. கீறலை நகல் செய்யலாம்; அக்கீறல் விழக் காரணமான தேடலை நகல் செய்ய இயலாது.

7. முடிவுரை

மேற்கண்டவற்றை வாத்தியக்காரரின் வெற்றி என்றோ தொழிற்சாலையின் சூழ்ச்சி என்றோ ஒருபக்கமாகக் காண்பது பொருந்தாது. இரட்டைச் சுருளைக் கண்ட செத் லவரும் தொழிற்சாலையின் ஊழியரே. ஒரே அளவான உறுப்புகள் பெருந்தொகையில் மலிவாகக் கிடைத்தமையாலேயே, ஒரு கருவியின் பிக்கப் மற்றொன்றிற் பொருந்தலாயிற்று. பேருற்பத்தி, தான் அறுத்த உறவை மீளக் கட்டுவதற்கான பொருள்களையும் தானே வழங்கியது எனலாம். ஆனால் அப்பொருள்கள் பயன்தருவதற்கு ஒரு நிபந்தனை இருந்தது: கருவி திறக்கத்தக்கதாகவும், அதன் சுற்று கண்ணாற் பின்தொடர்ந்து அறியத்தக்கதாகவும் இருத்தல் வேண்டும்.

இன்று நாம் அன்றாடம் பாவிக்கும் மின்னணுச் சாதனங்கள் பல ஒட்டி மூடப்பட்டவை. திறந்தால் உத்தரவாதம் இழக்கப்படும் என்ற எச்சரிக்கையோடு வருபவை. அவற்றின் ஆளியை இடைநிலையில் நிறுத்திப் பார்க்க எவருக்கும் வாய்ப்பில்லை. பாவிப்போரின் செவியிலும் கையிலும் திரளும் அறிவு, சாதனத்துட் சென்று சேரும் வழி அங்கு அடைபட்டுள்ளது. அவ்வழி திறந்திருந்த கருவிக்கு மின்கிற்றார் ஒரு நல்ல சான்று. நான்கு திருகாணிகளைக் கழற்றி, ஒரு கம்பியை இடமாற்றிப் பற்றாசு வைத்து, விளைவைச் செவியாற் சோதிக்கும் இளைஞரொருவர் மின்னியலையும் இசையையும் ஒருங்கே கற்கின்றார். தாம் வாங்கிய பண்டத்தின் ஆக்கத்தில் தாமும் பங்குகொள்கின்றார்.