நோயாளர் இசைவும் மறைகாப்பும்: பெங்களூர்த் தமிழரை முன்வைத்து ஒரு சொற்பொருள் நோக்கு

தனிமனிதரின் அந்தரங்கம் அரசியலமைப்புச் சட்டம் காக்கும் அடிப்படை உரிமையே என்று உச்சநீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அடங்கிய அமர்வு 2017 ஆகஸ்டு 24ஆம் நாள் ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. அவ்வழக்கைத் தொடுத்த கே. எஸ். புட்டசாமி கர்நாடக உயர்நீதிமன்றத்தின் ஓய்வுபெற்ற நீதிபதி. பெங்களூரில் வாழ்ந்து 2024இல் மறைந்தவர். ஆங்கிலத்தில் 'பிரைவசி' என்ற ஒரே சொல்லால் சுட்டப்பட்ட இவ்வுரிமையைத் தமிழில் 'அந்தரங்க உரிமை' என்றும் 'தனியுரிமை' என்றும் எழுதினர். இன்றுவரை இரண்டும் வழங்குகின்றன. செய்தித்தாளில் இவ்விருமை பெரிய இடர் தருவதில்லை. மருத்துவமனையில் கையெழுத்து வாங்கும் தாளில் அது இடர் தருகிறது.

இதற்குக் காரணம் சட்டத்திலேயே உள்ளது. எச்.ஐ.வி., எய்ட்ஸ் (தடுப்பு மற்றும் கட்டுப்பாடு) சட்டம், மனநலப் பராமரிப்புச் சட்டம் ஆகிய இரண்டும் 2017இல் இயற்றப்பட்டவை. நோயாளரின் இசைவு எது என்று வரையறுக்கும்போது, வற்புறுத்தலும் ஏமாற்றும் இன்றிப் பெறப்பட்டது என்பதோடு இவை நிற்கவில்லை. சிகிச்சையின் நன்மை தீமைகளும் மாற்று வழிகளும் அந்நபருக்குப் புரியும் மொழியிலும் முறையிலும் சொல்லப்பட்டிருக்க வேண்டும் என்கின்றன. 2023ஆம் ஆண்டின் எண்ணிமத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், இசைவு கேட்கும் வாசகம் தெளிவாகவும் எளிமையாகவும் அமைய வேண்டும், அதை ஆங்கிலத்திலோ எட்டாம் அட்டவணை மொழிகளுள் ஒன்றிலோ படிக்கும் வாய்ப்பு தரப்பட வேண்டும் என்கிறது. அதன் விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டு, படிப்படியாக நடைமுறைக்கு வருமாறு காலம் குறிக்கப்பட்டுள்ளது. ஆகவே மொழி இங்கே சட்டத்தின் புறத்தே நிற்கும் ஊர்தி அன்று. உரிமையின் உறுப்புகளுள் ஒன்று. புரியாத மொழியில் பெற்ற கையெழுத்து, வரையறைப்படி இசைவே ஆகாது. மொழிபெயர்ப்புப் பிழையை நடைக்குற்றம் என்று கருதி ஒதுக்க இயலாத இடம் இது.

பெங்களூர் இதை நோக்குவதற்கு ஏற்ற களம். அல்சூர், சிவாஜிநகர் முதலிய பழைய தண்டுப் பகுதிகளில் தமிழர் பல தலைமுறைகளாக வாழ்கின்றனர். பௌரிங், விக்டோரியா மருத்துவமனைகளுக்கும் மனநலத்துக்கான நிம்ஹான்ஸ் நிறுவனத்திற்கும் நகரத் தமிழர் மட்டுமின்றி எல்லைக்கு அப்பாலுள்ள ஓசூர், கிருஷ்ணகிரிப் பக்கத்தவரும் செல்வதுண்டு. அவர்களுக்குக் கன்னடம் காதுக்குப் பழகியது, கண்ணுக்குப் பழகாதது. ஆங்கிலம் பலருக்கு இரண்டுமன்று.

இசைவைக் குறிக்கும் சொற்கள்

'கன்சென்ட்' என்பதற்குத் தமிழில் நான்கு சொற்கள் போட்டியிடுகின்றன: அனுமதி, ஒப்புதல், சம்மதம், இசைவு. இவற்றை ஒருபொருட் பன்மொழியாகக் கொள்வது தவறு.

'அனுமதி' மேலிருந்து கீழே வருவது. அதிகாரி தருவார், விண்ணப்பித்தவர் பெறுவார். மருத்துவமனையில் இச்சொல்லுக்கு வேறொரு வேலையும் உண்டு. 'மருத்துவமனையில் அனுமதிக்கப்பட்டார்' என்னும் வழக்கால், 'அனுமதிப் படிவம்' என்று தலைப்பிட்ட தாளைப் படுக்கை பெறுவதற்கான தாள் என்றே நோயாளர் கொள்ள இடமுண்டு. அறுவைக்கு இசைவு கேட்கும் தாளும் உள்நோயாளராகச் சேர்க்கும் தாளும் ஒரே நேரத்தில் நீட்டப்படும் சூழலில் இம்மயக்கம் எளிதில் நேரும். அனுமதியைத் தருபவர் யார், பெறுபவர் யார் என்பதே அதில் தலைகீழாகிவிடுகிறது.

'ஒப்புதல்' அலுவலகத் தமிழில் பரவலானது. ஆனால் நீதிமன்றத் தமிழில் 'ஒப்புதல் வாக்குமூலம்' என்றால் குற்றத்தை ஒப்புக்கொண்டு தரும் வாக்குமூலம். பேச்சிலும் 'ஒத்துக்கிட்டான்' என்பதில் உடன்பாட்டை விடப் பணிவே மிகுதி. கன்னடத்தில் 'ஒப்பிகெ' என்பது இதே வேரினது; ஆயினும் குற்ற ஒப்புகையைக் கூற அம்மொழி 'தப்பு' என்பதை முன்சேர்த்துத் 'தப்பொப்பிகெ' என்று வேறுபடுத்துகிறது. தமிழில் அவ்வேறுபாடு சொல்லளவில் இல்லை. கன்னடப் படிவத்திலிருந்து தமிழாக்குவோர் ஒலியொப்புமையை நம்பி 'ஒப்புதல்' என்று இடும்போது, மூலத்தில் இல்லாத நிழலொன்றும் உடன் வருகிறது.

'சம்மதம்' வீட்டுச் சொல். பெண் பார்க்கும் பேச்சில் 'பொண்ணுக்குச் சம்மதமா?' என்று கேட்பது எவருக்கும் தெரியும். மறுக்கவும் இடமுண்டு என்ற பொருள் அக்கேள்வியிலேயே அமைந்துள்ளது. மறுக்க முடியாத இடத்தில் இசைவுக்குப் பொருளில்லை ஆதலால், வாய்மொழி விளக்கத்திற்கு இதுவே ஏற்றது எனலாம். எழுத்து நடைக்கு 'இசைவு' பொருந்தும். அதுவும் முற்றிலும் தூய்மையானதன்று. மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் ஆலைகளுக்குத் தரும் 'இசைவாணை' மேலிருந்து வருவதே. எனினும் 'ஆணை' நீங்கியவிடத்து அச்சொல்லில் அதிகாரம் தங்குவதில்லை.

இரகசியம், அந்தரங்கம், தனிமை

நோயாளர் சொன்னதை வெளியிடாமல் காப்பது மருத்துவரின் கடமை. தம்மைப் பற்றிய செய்தி யாரிடம் செல்லலாம் என்று முடிவு செய்வது நோயாளரின் உரிமை. முன்னதற்கு 'மறைகாப்பு' என்பதையும் பின்னதற்கு 'அந்தரங்க உரிமை' என்பதையும் இக்கட்டுரை ஆள்கிறது. இந்திய மருத்துவக் கழகத்தின் 2002ஆம் ஆண்டு நன்னடத்தை ஒழுங்குமுறை முன்னதைப் பேசுகிறது. நீதிமன்ற ஆணை, குறிப்பிட்ட ஒருவருக்கோ சமூகத்திற்கோ நேரக்கூடிய கடும் ஆபத்து, அறிவிக்கப்பட வேண்டிய நோய் ஆகியவை அக்கடமைக்கு அது தரும் விலக்குகள்.

நடைமுறையில் இரண்டையும் 'இரகசியம்' என்ற சொல்லே சுமக்கிறது. இது துன்பம் தருவது. சுவரொட்டிகளில் 'ரகசிய நோய்' என்றாலே பாலியல் நோய் என்றாகிவிட்ட மொழியில், 'உங்கள் தகவல் இரகசியமாக வைக்கப்படும்' என்பது நீரிழிவுக்கு வந்தவரையும் திடுக்கிடச் செய்யும். மறைப்பதற்கு ஏதோ உண்டு என்ற குறிப்பு அச்சொல்லிலேயே உள்ளது. 'அந்தரங்கம்' சற்று மேம்பட்டது. ஆனால் 'அந்தரங்க உறுப்பு' முதலிய ஆட்சிகளால் உடலின் ஒரு பகுதிக்குள் சுருங்கும் இயல்புடையது. 'தனியுரிமை' பிறர்க்கில்லாத தனிப்பட்ட உரிமை, ஏகபோகம் என்ற பொருளிலும் வழங்கி வந்துள்ளது.

'தனிமை' என்ற வேர்ச்சொல்லுக்கு 2020இல் நேர்ந்ததைச் சொற்பொருள் வரலாற்றில் குறித்து வைக்க வேண்டும். கொரோனாக் காலத்தில் 'தனிமைப்படுத்தல்' என்ற தொடர் எல்லார் வாயிலும் புகுந்தது. தனித்திருக்கும் உரிமையை உணர்த்த வேண்டிய வேர், தனித்து வைக்கப்படும் கட்டாயத்தை உணர்த்தலாயிற்று. அதே ஆண்டு மார்ச்சில் கர்நாடக அரசு, வீட்டுத் தனிமையில் இருந்தோரின் முகவரிகள் அடங்கிய பட்டியல்களை வெளியிட்டது. கையில் முத்திரை குத்தியது. மணிக்கொருமுறை தற்படம் எடுத்து அனுப்பச் சொன்னது. தொற்றாளர் வீட்டு வாயிலில் அறிவிப்பு ஒட்டுவது பற்றிய வழக்கில், பேரிடர் மேலாண்மைச் சட்டப்படி உரிய அதிகாரி ஆணையிட்டாலன்றி அவ்வாறு ஒட்டலாகாது என்று உச்சநீதிமன்றம் 2020 டிசம்பரில் கூறியது. அதற்குள் பல தெருக்களில் அறிவிப்புகள் ஒட்டப்பட்டு முடிந்திருந்தன.

உரிமைக்கு எல்லை உண்டு என்பதையும் மொழிபெயர்ப்பாளர் அறிந்திருத்தல் வேண்டும். 1998இல் தீர்ப்பான 'மிஸ்டர் எக்ஸ் எதிர் ஹாஸ்பிட்டல் இசட்' வழக்கில், இரத்தம் கொடுக்கச் சென்றவருக்கு எச்.ஐ.வி. இருந்தது தெரியவந்து, அச்செய்தி வெளிப்பட்டு, அவர் திருமணம் நின்றது. மணமகளின் உயிர்வாழும் உரிமையை முன்னிட்டு நீதிமன்றம் மருத்துவமனையின் செயலைக் குற்றமாகக் கொள்ளவில்லை. ஆகவே 'எக்காரணத்தைக் கொண்டும் வெளியிடப்படாது' என்று தமிழ்ப் படிவத்தில் எழுதுவது, மூலத்தில் இல்லாத வாக்குறுதியை நோயாளருக்கு அளிப்பதாகும். ஆறுதலுக்காகச் சேர்க்கப்படும் இத்தகைய அழுத்தச் சொற்களை மொழிபெயர்ப்பில் காணுந்தோறும் ஐயுறுவதே நன்று.

தொடரமைப்பில் மறையும் செய்பவர்

சொற்களை விடத் தொடர்களே மிகுந்த கேடு செய்கின்றன. 'தகவல் பகிரப்படலாம்' என்ற தொடரை எடுத்துக்கொள்வோம். செயப்பாட்டு வினையால் பகிர்பவர் யார் என்பது மறைகிறது. '-லாம்' என்னும் விகுதியோ மூன்று பொருள் தருவது: 'மழை வரலாம்' என்பதில் நிகழக்கூடுமை, 'நீங்கள் போகலாம்' என்பதில் இசைவு, 'சாப்பிடலாம், வாங்க' என்பதில் அழைப்பு. பகிர நேரிடும் என்று எச்சரிக்கிறதா, பகிர்வதற்கு நோயாளர் இசைந்துவிட்டார் என்கிறதா என்பது இத்தொடரில் தெளிவாகாது. 'நீங்கள் கையெழுத்திட்டால், உங்கள் நோய்க் குறிப்பைக் காப்பீட்டு நிறுவனத்திற்கு நாங்கள் அனுப்புவோம்' என்று செய்வினையில் எழுதினால் நீளம் கூடும், மயக்கம் தீரும்.

இதே விகுதி மற்றோரிடத்தில் கடமையை விருப்பமாக்கிவிடுகிறது. நோயாளர் கேட்டால் 72 மணி நேரத்திற்குள் மருத்துவக் குறிப்புகளைத் தர வேண்டும் என்பது மேற்கூறிய 2002 ஒழுங்குமுறை. அதை 'நோயாளர் தம் குறிப்புகளைக் கேட்டுப் பெறலாம்' என்று பெயர்த்தால், தந்தாக வேண்டியவர் தொடரை விட்டே வெளியேறுகிறார். 'கேட்டால் 72 மணி நேரத்தில் மருத்துவமனை கொடுத்தே ஆக வேண்டும்' என்பதே சட்டத்தின் பொருள்.

'நாம்', 'நாங்கள்' என்னும் வேறுபாடு தமிழுக்குள்ள வளம். ஆங்கிலத்திலும் இன்றைய கன்னடத்திலும் இல்லை. கன்னட 'நாவு' இரண்டிற்கும் பொது. அங்கிருந்து பெயர்ப்பவர் ஒன்றைத் தேர்ந்தே ஆகவேண்டும். 'நாம ஒரு டெஸ்ட் எடுத்துப் பாத்துடலாம்' என்று மருத்துவர் கனிவாகச் சொல்லும்போது, கேட்பவரும் 'நாம'வுக்குள் அடக்கம். முடிவில் அவரும் பங்காளி ஆகிவிட்டதால், அவரிடம் தனியே கேட்க வேண்டிய கேள்வி கேட்கப்படாமலே போகிறது. எச்.ஐ.வி. சோதனைக்கு அறிந்து தரும் இசைவைச் சட்டம் தனியே கேட்கிறது. அன்பான இந்த உளப்பாட்டுப் பன்மை அதற்கு ஈடாகாது.

எழுவாய் தொக்கி நிற்றலும் இத்தகையதே. 'சம்மதம் கொடுத்தாச்சு' என்பதில் கொடுத்தவர் நோயாளரா, கணவரா, மகனா? 2008இல் சமீரா கோலி வழக்கில் உச்சநீதிமன்றம் இதைத்தான் ஆராய்ந்தது. நோயறியும் சோதனைக்காக மயக்கத்தில் இருந்த பெண்ணின் தாயிடம் இசைவு பெற்றுக் கருப்பை அகற்றப்பட்டது. வயதுவந்த, முடிவெடுக்கும் திறனுள்ள நோயாளருக்காகத் தாய் தந்த இசைவு செல்லாது என்று தீர்ப்பாயிற்று. தமிழ்ப் படிவத்தில் 'நான்' என்பதை எழுதாமல் விடுவது இலக்கணப்படி இயல்பு. இவ்விடத்தில் அதை எழுதுவதே முறை.

மருந்தாய்வுகளுக்கான 2019ஆம் ஆண்டு விதிகளில் தரப்பட்ட இசைவுப் படிவத்தின் ஒரு கூறு, மொழிபெயர்ப்பாளர் திறனைச் சோதிப்பது. தம் நோய்க் குறிப்புகளைப் பார்க்க ஆய்வை நடத்தும் நிறுவனம் முதலியோருக்குத் தம் அனுமதி தேவையில்லை, ஆய்விலிருந்து விலகினாலும் தேவையில்லை என்று பங்கேற்பவரே அதில் கூற வேண்டும். ஆங்கிலத்தில் 'தேவையில்லை' என்பது தொடரின் முற்பாதியிலேயே வந்துவிடும். தமிழில் அடைகள் எல்லாம் முன்னே குவிந்து, அது ஈற்றில் போய்ச் சேரும். படித்துக் காட்டும்போது அதுவரை செவி பொறுத்திராது. உடைத்து எழுதினால் இவ்வாறு அமையும்: 'என் நோய்க் குறிப்புகளை மருந்து நிறுவனத்தாரும் நெறிமுறைக் குழுவினரும் அரசு அதிகாரிகளும் பார்ப்பார்கள். பார்க்குமுன் என்னை மறுபடி கேட்க மாட்டார்கள். நான் பாதியில் விலகினாலும் பார்ப்பார்கள். நான் யார் என்பதை வெளியாருக்குத் தெரிவிக்க மாட்டார்கள். இதற்கு நான் சம்மதிக்கிறேன்.' இவ்வாறு கேட்டபின் சிலர் கையெழுத்திட மறுக்கக்கூடும். அது மொழிபெயர்ப்பின் குறையன்று.

ஓரிடத்தில் தமிழுக்கு வேலையே இல்லை. 2023 சட்டம் ஆணையும் பெண்ணையும் சேர்த்துச் சுட்ட 'ஷி' என்ற பெண்பாற் பெயரை ஆண்டது பெரிதும் பேசப்பட்டது. தமிழில் 'அவர்' என்றால் போதும்.

இடைநிற்கும் மூன்றாமவர்

படிவம் செம்மையாக இருப்பினும், பெங்களூரில் அதை நோயாளரிடம் கொண்டுசேர்ப்பவர் பெரும்பாலும் பயிற்சி பெற்ற மொழிபெயர்ப்பாளர் அல்லர். உடன்வந்த மகன், பக்கத்துப் படுக்கைக்காரர், வார்டு ஆயா என யாரேனும் ஒருவர். மறைகாப்புக்கு முதல் இடையூறு இங்கேயே நேர்கிறது. மருத்துவருக்கு உள்ள கடமை அண்டைப் படுக்கைக்காரருக்கு இல்லை. மாதவிடாய் பற்றி மருத்துவர் கேட்பதை மகன் தாயிடம் கேட்கத் தயங்குவான், கேள்வியே மாறிப்போகும்.

இவர்கள் பேச்சில் '-ஆம்' என்னும் கேள்விப்பொருள் இடைச்சொல் மிகுந்து வரும்: 'கட்டி இருக்குதாம்', 'ஆபரேஷன் பண்ணணுமாம்'. சொன்னவர் வேறு, தான் வெறும் வாய் என்று விலகிக்கொள்ளும் கருவி இது. மருத்துவர் உறுதியாகச் சொன்னதும் ஐயத்தோடு சொன்னதும் '-ஆம்' ஏறியதும் ஒரே தரமாகிவிடுகின்றன. 'இருக்கலாமாம்' என்று இரண்டும் சேர்ந்தால் எஞ்சுவது வதந்தி. 'டாக்டர் உறுதியாச் சொல்றார்', 'டாக்டருக்கே சந்தேகம்னு சொல்றார்' என்று சொல்லுவினையைத் தனியே நிறுத்துவது எளிய மாற்று. எழுத்தறியாத பணியாளருக்கும் இதனைச் சிறிது நேரத்தில் பழக்கிவிட முடியும்.

மருந்தாய்வுப் படிவத்தின் இறுதியில் பங்கேற்பவர், ஆய்வாளர், சாட்சி ஆகியோர் கையெழுத்துக்கு இடம் உண்டு. படிக்கத் தெரியாதவருக்குப் பக்கஞ்சாராச் சாட்சி ஒருவர் தொடக்கமுதல் இறுதிவரை உடனிருக்க வேண்டும் என்பது விதி. விளக்கம் எம்மொழியில் தரப்பட்டது, அம்மொழியில் பெயர்த்துச் சொன்னவர் யார் என்று எழுத ஒரு வரி அதில் இல்லை. தமிழ்ப் படிவம் ஆக்குவோர் சாட்சியின் பெயருக்கு மேலே அவ்வரியைச் சேர்ப்பதற்கு எந்தச் சட்டமும் தடையன்று.