குப்பென்று வேர்த்தால் தூக்க மாத்திரையா?

போன மாதம் ஒரு சத்துணவு அமைப்பாளர் வந்தார். வயது 48. கைப்பையிலிருந்து சின்ன எவர்சில்வர் டப்பா ஒன்றை எடுத்து என் மேஜையில் கவிழ்த்தார். எல்லாம் பட்டையிலிருந்து கத்தரித்த மாத்திரைகள். ஒன்றில் மட்டும் பெயரின் வால் மிச்சமிருந்தது: '...சோலம்'. தூக்க மாத்திரை வகை. "படபடப்புக்கு மெடிக்கல்ல குடுத்தாங்க டாக்டர். ரெண்டு வருஷமா போடறேன்" என்றார். அந்த இரண்டு வருடத்தில் மூன்று முறை இசிஜி எடுத்திருக்கிறார். மூன்றும் நார்மல். "ஹார்ட்டுல ஒண்ணுமில்லேன்னா, அப்ப எனக்கு மனசுலதான் கோளாறா?"

"கடைசியா தூரம் எப்ப வந்துச்சு?" என்று கேட்டேன். யோசித்தார். பொங்கலுக்கு முன்னால் நின்றது, இன்னும் வரவில்லை. இதை இதுவரை யாரும் அவரிடம் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

இப்படி டப்பாவோடு வருகிறவர்கள் கூடிக்கொண்டே போகிறார்கள்.

சூடும் இல்லை, கெட்ட ரத்தமும் இல்லை

நம் நாட்டுப் பெண்களுக்குச் சராசரியாக 46, 47 வயதிலேயே மாதவிடாய் நின்றுவிடுகிறது. மேல்நாட்டில் 51. அதனால் 43 வயதில் வேர்த்துக் கொட்டினால் 'இந்த வயசுல அதுவா இருக்காது' என்று தள்ளிவிடாதீர்கள். நிற்பதற்குச் சில வருடங்களுக்கு முன்பே தொல்லை தொடங்கிவிடும்.

'உடம்புச் சூடு' என்கிறார்கள். உடம்பில் சூடு தேங்கி நிற்பதில்லை. ஈஸ்ட்ரோஜன் குறையும்போது மூளையில் வெப்பத்தைக் கவனிக்கும் இடம் தொட்டாற்சிணுங்கி ஆகிவிடுகிறது. துளி வெப்பம் ஏறினாலும் வியர்வையைத் திறந்துவிடும். எண்ணெய்க் குளியல் சுகம்தான், வேண்டாமென்று நான் சொல்லவில்லை. ஆனால் சர்க்கரையும் சிறுநீரகக் கோளாறும் உள்ள அம்மாவுக்குத் தினம் இரண்டு இளநீர் கொடுத்து 'சூட்டைத் தணித்து' என்னிடம் கூட்டிவருகிறீர்களே, அதற்கு என்ன சொல்ல?

'கெட்ட ரத்தம் உள்ளேயே தங்கிடுச்சு, அதான் குண்டாயிட்டேன்' என்பது அடுத்தது. எதுவும் தங்குவதில்லை. இதை நம்பி, திருவிழாவுக்குத் தீட்டைத் தள்ளிப்போட வாங்கும் அதே மாத்திரையைத் தீட்டை வரவழைக்க வாங்குகிறார்கள். பெயரெழுதாத டப்பாவில் வரும் லேகியத்தில் என்ன இருக்கிறதென்று விற்பவருக்கும் தெரியாது. மார்பகப் புற்றுநோய்க்குச் சிகிச்சை எடுத்தவர்கள் அதைத் தொடவே தொடாதீர்கள்.

'பையை எடுத்துட்டா நிம்மதி' என்று வருபவர்கள்தான் என்னை அதிகம் பயமுறுத்துகிறார்கள். வேர்ப்பதற்கும் கர்ப்பப்பைக்கும் சம்பந்தமில்லை. அதோடு சினைப்பையையும் சேர்த்து எடுத்துவிட்டால், படிப்படியாக வரவேண்டியது ஒரே வாரத்தில் மொத்தமாக வந்து விழும்.

வியர்வையைவிடப் பொல்லாதது அந்த நினைப்பு

சத்துணவு அம்மாவிடம் ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கச் சொன்னேன். வேர்க்கும் நேரம், அப்போது என்ன செய்துகொண்டிருந்தார், மனதில் என்ன ஓடியது, அடுத்து என்ன செய்தார் என்று எழுத வேண்டும். இரண்டு வாரம் கழித்து நோட்டைப் பார்த்தேன். மனதில் ஓடியது என்ற இடத்தில் திரும்பத் திரும்ப இரண்டே வரி. 'உயிர் போகப்போகுது.' 'எல்லாரும் என்னையே பாக்கறாங்க.'

வியர்வை சில நிமிடத்தில் அடங்கிவிடும். அந்த நினைப்புதான் படபடப்பை ஏற்றி, அந்தச் சில நிமிடத்தை அரை மணி நேரமாக்குகிறது. அதைப் பிடித்து, உண்மைதானா என்று சோதித்துப் பார்க்கப் பழக்குவதற்கு அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை என்று பெயர். பெயர்தான் பெரிசு. பக்கத்தில் நிற்கும் சமையலரிடமே 'என் மூஞ்சி வித்தியாசமா இருக்கா?' என்று கேட்டுப் பார்க்கச் சொன்னேன். 'நீங்க சொல்லித்தாங்கக்கா தெரியுது' என்றாராம் அவர். என் அறிவுரையைவிட அது அதிகம் வேலை செய்தது.

வேர்க்கத் தொடங்கியதும் ஓடாதீர்கள். தோளைத் தளர்த்தி, வயிறு எழும்பி இறங்க மெதுவாக மூச்சு விட்டு, அலை கடந்துபோக விடுங்கள்.

இதை ஆராய்ந்தும் பார்த்திருக்கிறார்கள். லண்டனில் மைரா ஹண்டர் குழுவினர் 140 பெண்களிடம் நடத்திய ஆய்வு 2012-இல் வெளியானது. நான்கு வாரப் பயிற்சி. சிலருக்குக் குழுவாக, சிலருக்கு வெறும் கையேடு. இரண்டிலும் பலன் கிடைத்தது. வேர்க்கும் எண்ணிக்கை பெரிதாகக் குறையவில்லை, அது தந்த தொல்லை குறைந்தது. இங்கே உளவியலாளர் கிடைக்காத ஊர்தான் அதிகம். அரசு மருத்துவக் கல்லூரியின் மனநலப் பிரிவில் கேட்கலாம், மனநல உதவி எண் 14416-க்கு அழைக்கலாம். அங்கே போனால் பைத்தியம் என்பார்கள் என்று தயங்காதீர்கள், தயவுசெய்து.

ராத்திரி இரண்டு மணி

நனைந்துபோய் விழித்தால் கடிகாரத்தைப் பார்க்காதீர்கள். பார்த்ததும் 'நாளைக்கு நான் தொலைஞ்சேன்' என்ற கணக்கு தொடங்கிவிடும். மாற்றுத்துணியைத் தலைமாட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள். தூக்கம் வராவிட்டால் எழுந்து மங்கிய வெளிச்சத்தில் உட்காருங்கள், கண் சொருகியதும் படுங்கள். மதியத் தூக்கமும் சாயங்காலக் காபியும் வேண்டாம். ஏற்கெனவே தூக்க மாத்திரை பழகியவர்கள் இதைப் படித்துவிட்டுச் சட்டென்று நிறுத்திவிடாதீர்கள். வலிப்புகூட வரலாம். டாக்டர் சொன்னபடி கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குறைக்க வேண்டும்.

ஹார்மோன் என்றாலே அலறாதீர்கள்

2002-இல் அமெரிக்காவில் ஒரு பெரிய ஹார்மோன் ஆய்வை, ஆபத்து தெரிகிறதென்று பாதியில் நிறுத்தினார்கள். அந்தப் பயம் இன்னும் போகவில்லை. ஆனால் அதில் சேர்ந்த பெண்களின் சராசரி வயது 63. மாதவிடாய் நின்ற பத்து வருடத்துக்குள், அறுபது வயதுக்குள் இருப்பவர்களில் பலருக்கு நன்மையே அதிகம். மார்பகப் புற்றுநோய், ரத்தக் கட்டு, பக்கவாதம் வந்தவர்களுக்கு வேண்டாம். யாருக்கு என்பதை மருந்துக் கடைக்காரர் முடிவுசெய்யக்கூடாது, அவ்வளவுதான்.

மருந்து எதுவானாலும் முதலில் பரிசோதனை: ரத்த அளவு, சர்க்கரை, தைராய்டு, தேவைப்பட்டால் ஸ்கேன்.

ஒரு சொட்டு என்றாலும்

'நிக்கிற காலத்துல அப்படித்தான் கொட்டும்' என்று மாதக்கணக்கில் ரத்தம் போனபின், ஹீமோகுளோபின் ஆறில் நடக்கத் தெம்பில்லாமல் வருகிறார்கள். அதைவிடக் கொடுமை, தூரம் நின்று வருடக்கணக்கான பிறகு லேசாகக் கறை பட்டதை 'பேத்தியோட சேர்ந்து நானும் வயசுக்கு வந்துட்டேன்' என்று சிரித்துவிட்டு ஆறு மாதம் கழித்து வருவது. பன்னிரண்டு மாதம் முழுசாக நின்ற பிறகு ஒரு சொட்டு பட்டாலும் அது கர்ப்பப்பைப் புற்றுநோயாக இருக்கலாம். பலருக்கு இருக்காது. இருந்தால், சீக்கிரம் வந்தவர்களைக் காப்பாற்ற முடிகிறது. மகள் கல்யாணம் முடியட்டும், அறுவடை முடியட்டும் என்று தள்ளாதீர்கள் அம்மா, கையெடுத்துக் கும்பிடுகிறேன். அந்த வாரமே வாருங்கள். வரும்போது மாத்திரைப் பட்டையைக் கத்தரிக்காமல் முழுசாகக் கொண்டுவாருங்கள்.