திருகு முடுக்கத் தெரிந்தால் போதுமா?

தாலிக்கு எட்டு கிராம் தங்கம் கொடுத்துவந்த தமிழ்நாடு அரசு, இப்போது கல்லூரிப் படிப்புக்குப் பணம் கொடுக்கிறது. மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் பெயரில் இருந்த திருமண உதவித் திட்டம் 2022-ல் உயர்கல்வி உறுதித் திட்டமானது. 'புதுமைப் பெண்' என்றால் எல்லோருக்கும் தெரியும். அரசுப் பள்ளியில் படித்த மாணவிக்குப் பட்டமோ, பட்டயமோ, ஐ.டி.ஐ.யோ முடிக்கும்வரை மாதம் 1,000 ரூபாய். அருமையான மாற்றம்தான். ஆனால், படித்து முடித்த பெண் எந்த வேலையில் போய் உட்காருகிறாள்?

நாட்டில் ஆலை வேலை பார்க்கும் பெண்களில் 43 சதவீதம் பேர் தமிழ்நாட்டில் இருப்பதாக 2019-20 தொழில்துறைக் கணக்கெடுப்பு சொல்கிறது. ஸ்ரீபெரும்புதூரை அடுத்த வல்லம் வடகாலில் 18,720 பெண் தொழிலாளர்கள் தங்க ஒரு விடுதியே எழும்பிவிட்டது. செல்போன் ஆலை லைனில் நிற்கும் பெண்ணுக்கு ஷிப்ட் முழுக்க ஒரே வேலை: அதே திருகு, அதே சோதனை. 'பெண்களுக்குப் பொறுமை அதிகம், விரல் நுணுக்கம்' என்பார்கள். கேட்கப் பாராட்டுபோல இருக்கும். அவளை லைனிலேயே நிறுத்திவைக்கும் பேச்சு அது. மெஷின் நின்றுபோனால் கருவிப்பெட்டியோடு ஓடிவருபவர் பெரும்பாலும் ஆண். சம்பளமும் பதவி உயர்வும் அந்தப் பெட்டியோடுதான் போகின்றன. ரோபோ வந்தால் முதலில் பறிபோவதும் திரும்பத் திரும்பச் செய்யும் வேலைதான். ரோபோவைப் பழுது பார்ப்பவருக்கு வேலை கூடும்.

அரசின் 71 ஐ.டி.ஐ.க்கள் டாடா டெக்னாலஜிஸ் கூட்டில் புதுப்பிக்கப்பட்டு, ரோபோ இயக்கம், மின்வாகனப் பராமரிப்பு போன்ற பிரிவுகள் வந்திருக்கின்றன. கருவிகள் வந்துவிட்டன. வீட்டில்தான் தடை: "பொம்பளப் புள்ள எண்ணெய்க் கையோட வர்றதா? தையலோ கம்ப்யூட்டரோ எடு" என்கிறார்கள். பராமரிப்பு வேலைக்கு நேரம் காலம் கிடையாது என்ற பயமும் உண்டு. ஆலையில் பெண்கள் இரவுப் பணி செய்வதைத் தடுத்த 1948 சட்டப் பிரிவைச் சென்னை உயர் நீதிமன்றம் 2000-லேயே நீக்கிவிட்டது. ஆனால் அதிகாலை மூன்று மணிக்குக் கம்பெனி பஸ் தெருமுனைவரை வருமா என்பதுதான் அம்மாக்களின் கேள்வி. அதற்குக் கம்பெனிதான் பதில் சொல்லியாக வேண்டும்.

வேலைவாய்ப்பு முகாம் முடிந்ததும் இத்தனை பெண்களுக்கு ஆணை வழங்கினோம் என்று படத்தோடு செய்தி வருகிறது. இனி அந்தச் செய்தியில் இன்னொரு வரியும் சேரட்டும்: அவர்களில் எத்தனை பேர் ஆபரேட்டர், எத்தனை பேர் டெக்னீஷியன்?