பின்னோக்கி ஓடும் படத்தில் ஒரு நினைவுப் பாடம்

ஒருவன் ஓடிக்கொண்டிருக்கிறான். எதிரே இன்னொருவனும் ஓடுகிறான். தான் துரத்துகிறோமா, துரத்தப்படுகிறோமா என்பது அவனுக்கே தெரியவில்லை. கிறிஸ்டோபர் நோலனின் ‘மெமென்டோ’ (2000) படத்தில் வரும் காட்சி இது. வண்ணக் காட்சிகள் முடிவிலிருந்து தொடக்கத்தை நோக்கி வருவதால் நமக்கும் முந்தைய கணம் தெரியாது. மறதி நோயை விளக்குவதோடு நில்லாமல், பார்ப்பவரையே அதற்குள் உட்காரவைத்துவிடுகிறார் நோலன். நினைவு பற்றிய பாடத்தை இங்கிருந்து தொடங்கலாம் என்று நான் சொல்வது அதனால்தான்.

நம் மாணவர்களுக்கு ‘கஜினி’ (2005) இன்னும் பக்கத்து வாசல். மெமென்டோவின் சாயலில் வந்த அந்தப் படத்தில் சூர்யாவின் உடம்பெங்கும் பச்சை குத்திய எழுத்துகள் யாருக்கு மறக்கும்? ஆனால் அதில் நாயகனின் நினைவுக்கு வைத்த 15 நிமிடக் கெடு சினிமாவுக்கானது. மூளையில் அப்படியொரு கடிகாரம் இல்லை. இத்தகைய நோயாளிகளுக்குக் கவனம் கலையாதவரை செய்தி மனத்தில் நிற்கும், கலைந்தால் போய்விடும்.

இதை உலகுக்குக் காட்டியவர்களில் முதன்மையானவர் ஹென்றி மொலைசன். கடும் வலிப்பு நோய்க்காக 1953இல், அவருடைய 27ஆம் வயதில், மூளையின் இரு பக்கமும் ஹிப்போகேம்பஸின் ஒரு பகுதியையும் அதைச் சுற்றிய திசுக்களையும் அகற்றினார்கள். வலிப்பு குறைந்தது. ஆனால் புதிதாக நடப்பவை மனத்தில் தங்கவில்லை. 2008இல் இறக்கும்வரை ஆய்வுலகம் அவரை ‘எச்.எம்.’ என்றே குறிப்பிட்டது. உளவியலாளர் பிரெண்டா மில்னர் அவரை ஒரு நட்சத்திரத்தின் இரட்டைக் கோடுகளுக்கு நடுவே, கண்ணாடியில் மட்டும் பார்த்து வரையச் சொன்னார். மூன்று நாளில் கை தேறிவிட்டது. முன்பு வரைந்ததோ அவருக்கு நினைவே இல்லை! கை கற்பதும் மனம் நினைவுகூர்வதும் மூளையில் வெவ்வேறு வழியாக நடப்பது இப்படித்தான் புரிந்தது.

இந்தச் சோதனையை எந்த வகுப்பறையிலும் செய்துபார்க்கலாம். ஒரு கண்ணாடியும் காகிதமும் பென்சிலும் போதும். முதல்முறை எல்லோருக்கும் கோடு தாறுமாறாகப் போகும். நாலைந்து முறைக்குப் பிறகு, எப்படித் தேறினீர்கள் என்று கேளுங்கள். சொல்லத் தெரியாது. அந்தத் தடுமாற்றத்தில்தான் பாடமே இருக்கிறது.

ஓவியமும் உதவும். 1995இல் அல்சைமர் நோய் உறுதியான பிறகும் ஓவியர் வில்லியம் உட்டர்மோலன் பல ஆண்டுகள் தன் முகத்தையே வரைந்தார். படத்துக்குப் படம் முகத்தின் அமைப்பு குலைகிறது. அவற்றைக் காட்டும் ஆசிரியர் உடனே நோய்க்குறிகளைத் தேடச் சொல்ல வேண்டாம். தேர்ந்த ஓவியர் ஒருவர் விடாமல் செய்த வேலை அது. முதலில் மாணவர்கள் அதை அப்படிப் பார்க்கட்டும்.